பத்தியம் இருந்த ஆடு

வேலங்காட்டு ஜமீன்தாருக்கு மஞ்சள்காமாலை. பச்சிலை பறிக்கிற குருவம்மா தினமும் கீழாநெல்லியை வேரோடு அரைத்து, ஆட்டுப்பாலில் கலந்து கொடுத்தாள். ஒரு மாதமாகியும் கண்ணில் மஞ்சள் மாறவில்லை.

"உப்பில்லாக் கஞ்சியைத் தவிர நான் எதையும் தொடலை, குலசாமி மேல சத்தியம்! உன் பச்சிலைதான் போலி. ஒரு வாரத்துல கண்ணு வெளுக்கலேன்னா உன் குடிசையைக் கொளுத்திடுவேன்!" என்று சபையில் கத்தினார் ஜமீன்தார்.

குருவம்மா கும்பிட்டாள். "எசமான் சொன்னா சரிதான். அப்ப கோளாறு பால்லதான் இருக்கும். பால் கொடுக்கிற ஆடும் உங்களோட பத்தியம் இருக்கணும். உங்க வாய்க்குள்ள போற எல்லாத்துலயும் ஒரு பங்கு அதுக்கும் வைக்கச் சொல்லுங்க."

"இவ்வளவுதானா?" என்ற ஜமீன்தார், சமையல்காரன் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு அப்படியே உத்தரவு போட்டார்.

மூன்றாம் நாள், நிறைந்த சபைக்குள் ஆடு தள்ளாடிக்கொண்டு வந்தது. தூணில் முட்டியது. திவானின் தலைப்பாகையைக் கடித்து இழுத்தது. கடைசியில் ஜமீன்தார் காலடியில் சரிந்து ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், குப்பென்று சாராய நாற்றம்! ராணியம்மா நெஞ்சில் கைவைத்தபடி எழுந்தேவிட்டாள்.

"யாருடா இதுக்கு ஊத்தினது?" என்று அலறினார் ஜமீன்தார்.

சுடலைமுத்து ஓடி வந்து கும்பிட்டான். "நீங்கதானே எசமான், எல்லாத்துலயும் ஒரு பங்குன்னீங்க?"

குருவம்மா ஆட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மூணு நாள்லயே இதுக்குக் கண்ணு சொருகிடுச்சு. முப்பது நாளா கீழாநெல்லி உங்க ஈரலுக்காக எதோட மல்லுக்கட்டிச்சுன்னு இப்பதான் தெரியுது, எசமான்."