நின்றுகொண்டிருந்த வாணம்

மூங்கில்காட்டுப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதற்குச் சந்தேகம் என்பது சோறு தண்ணீர் மாதிரி. சருகு அசைந்தாலும் கத்தும். அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்று கத்தும். அதனால் அதன் பேச்சைக் காட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வருடம் விலங்குகளுக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. சிறகு இல்லாதவர்களும் ஒருமுறை வானத்துக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் அது. அடிவாரத்துத் திருவிழாவில் மீந்த வாண மருந்தைக் குரங்குகள் அள்ளி வந்தன. யானைக்கால் பருமனுள்ள ஒரு மூங்கிலைக் குடைந்து, கரடி வாணம் செய்தது. நடுவில் ஒரு சின்னக் கதவும் அடியில் மூன்று கால்களும் வைத்தது. ஒரு திரி வாணத்தை மேலே ஏற்றும். இன்னொரு திரி இறங்கும்போது பற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, கால் ஊன்ற வைக்கும். அவ்வளவு பருத்த மூங்கில் காட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. ஆகவே போன வாணம் முழுசாகத் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

சோதனைக்கு நரிதான் தலைவன். அது ஒரு கட்டுப்பாடு போட்டது. திரி வைத்ததும் எல்லாரும் பெரிய பாறைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்ள வேண்டும். புகை அடங்கியதும் நரியும் குரங்குகளும் போய்ப் பார்ப்பார்கள். "வந்து பாருங்க" என்று அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தலையைத் தூக்கலாம். நெருப்போடு பழகுகிற வேலை, கட்டுப்பாடு நியாயமானதுதான்.

நான்கு முறை வாணம் ஏறியது. நான்கு முறையும், கூப்பிட்டதும் போய்ப் பார்த்தால், அது பொட்டலின் நடுவே நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. காடே கூத்தாடியது.

அடுத்த முறை உள்ளே ஆள் ஏற வேண்டும். ஓடு கெட்டியாக இருக்கிறது என்று ஆமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள்காட்டிக்கு இருந்த ஒரே சிநேகிதம் அந்த ஆமைதான். ஆள்காட்டி இரை தேடப் போகும்போதெல்லாம் அதன் முட்டைகளுக்குக் காவல் இருப்பதும் அதுதான்.

'காவல்காரனை வானத்துக்கு அனுப்பிவிட்டு என் முட்டையைத் தின்னப் பார்க்கிறான் இந்த நரி' என்று ஆள்காட்டி நினைத்தது. நரியின் காலடித் தடம் தன் கூட்டுப் பக்கம் போகிறதா என்று பொட்டல் முழுக்கத் தேடியது. ஒரு தடம்கூடப் போகவில்லை. ஆனால் வாணம் இறங்குகிற இடத்தில், சருகு போட்டு மூடிய நீளமான பள்ளங்கள் இருந்தன. எண்ணினால் நான்கு. ஒவ்வொன்றும் வாணத்தின் நீளம். சுற்றிலும் குரங்குகளின் கைத்தடங்கள்.

வாணத்தைச் சுற்றி எல்லாரும் கூடியிருந்தபோது ஆள்காட்டி கேட்டது: "நின்னுக்கிட்டே இறங்குற வாணம் எதுக்குத் தரையில படுத்துது?"

"அது மழைத்தண்ணி ஓடின தடம்" என்றது நரி. "உனக்குச் சிறகு இருக்கு. எங்களுக்கு இல்லாத வரைக்கும்தானே உனக்குப் பெருமை?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆமை மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, நான் பொறந்ததுலேர்ந்து தரையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இதைக் கெடுத்துடாதே" என்றது. அந்தப் பேச்சு ஆள்காட்டியைச் சுட்டது.

வேறு நாளாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருக்கும். அன்று கத்தவில்லை. "சரி, நாளைக்கு நீ ஏறிக்கோ. இன்னைக்கு ஒரே ஒரு தடவை, உன் கனத்துக்கு ஒரு பூசணிக்காய் போய்ட்டு வரட்டும். நாலு தடவை நின்ன வாணம், இன்னொரு தடவை நிக்காதா?"

"கேக்குறதுல தப்பில்லையே" என்றது கரடி. நரியும் தலையை ஆட்டியது.

பூசணிக்காயை உள்ளே வைத்துத் திரியைப் பற்றவைத்தார்கள். எல்லாரும் பாறைக்குப் பின்னால் குனிந்தார்கள். வாணம் சீறிக்கொண்டு ஏறியது. கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. அன்று கூப்பிடச் சற்று அதிக நேரம் ஆயிற்று.

போய்ப் பார்த்தார்கள். வாணம் நின்றுகொண்டிருந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

"இப்ப என்ன சொல்றே?" என்றது நரி.

"கதவைத் திறங்க" என்றது ஆள்காட்டி.

கரடி திறந்தது. சதையும் விதையுமாகப் பூசணிக்காய் அதன் கையில் கொட்டியது. ஒரு துண்டுகூட உருப்படியாக இல்லை. வாணத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த குரங்குகளுக்கு, உடைந்த பூசணிக்காயை ஒட்டத் தெரியவில்லை.

ஆமை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"விழுந்துச்சா?" என்று கரடி கேட்டது.

நரியின் வால் தொங்கிப்போயிற்று. "அஞ்சு தடவையும் சாஞ்சுதான் விழுந்துச்சு. முதல் தடவை நீங்க எல்லாரும் அவ்வளவு ஆசையா ஓடி வந்தீங்க. சொல்ல மனசு வரலை. அடுத்த தடவை நின்னுடும்னு நினைச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா வாணத்தோட காலை அகட்டி வெச்சிருப்பேனே" என்று கரடி உறுமியது. "நல்லா செஞ்சுட்டோம்னு நினைச்சு நான் நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருந்தேன்!"

நரியின் தலைவன் பதவி அன்றோடு போயிற்று. கரடி வாணத்தின் கால்களை அகட்டியது. பாறைக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. ஆனால் எட்டப் பறந்தபடி பார்த்துச் சொல்கிற வேலை ஆள்காட்டிக்குக் கிடைத்தது. அடுத்த முறையும் வாணம் விழுந்தது. "விழுந்துடுச்சு" என்று அது உரக்கச் சொன்னது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கரடி போய் இரண்டாவது திரியைக் குட்டையாக்கியது. இன்னும் இரண்டு பூசணிக்காய்கள் நொறுங்கின. அடுத்த மூன்றும் முழுசாக இறங்கி வந்தன.

அதன் பிறகுதான் ஆமை ஏறியது. வாணம் போய், வந்து, யாரும் தொடாமலே கால் ஊன்றி நின்றது. ஆள்காட்டி முதலில் போய்க் கதவைத் திறந்தது.

"வானத்துல என்ன பார்த்தே?"

"பயத்துல தலையை வெளியவே நீட்டலை அக்கா" என்றது ஆமை. "அதனால என்ன, வாணம்தான் முழுசா நிக்குதே. நாளைக்கு மறுபடி போறேன்."

விழுந்ததை விழுந்தது என்று உள்ளபடி சொன்னால்தான் அதை ஒருநாள் நிற்கவைக்க முடியும். விழுந்ததை மறைத்து நிமிர்த்தி வைத்தால், நம்பி ஏறுகிறவரின் உயிர்தான் போகும்.