பட்டினி போட்ட தட்டு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. உலகத்தில் அப்படியும் நடக்கும்.

சீடர் கதிரேசன் மதுரையில் பேர்போன எலும்பு டாக்டர். ஸ்டெம் செல் வேலை படிக்க, குருவான மெஹருன்னிசாவின் ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்திருந்தார். அவரை அங்கே கொண்டுவந்து தள்ளியது ஒரு தொடை. கபடி ஆடும் வீரலட்சுமியின் வலது தொடை. ஆட்டத்தில் தசை கிழிந்து, ஆறும்போது பாதி வெறும் தழும்பாகிவிட்டது. ஊன்றினால் முட்டி மடங்கியது.

அவளுடைய நல்ல காலிலிருந்து துளித் தசை எடுத்து, அதிலிருந்த ஸ்டெம் செல்களைத் தட்டுகளில் வளர்த்தார்கள். ஒரு தட்டு பரீட்சைக்கு. அதில் செல்கள் தசையாக மாறிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் மிச்சத்தை அவள் தொடையில் ஊசி போடலாம். இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு ஊன்றுகோல்தான்.

கதிரேசன் விடுவாரா? விடாமல் பழைய ஊட்டத் திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். செல்கள் பெருகின. பெருகிக்கொண்டே இருந்தன. தசைதான் ஆகவில்லை.

“மேடம், ராஜ உபசாரம் பண்றேன். ஏன் தசையாக மாட்டேங்குது?”

மெஹருன்னிசா பரீட்சைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தட்டிலிருந்த ஊட்டத்தை உறிஞ்சி எடுத்தார். வேறொரு திரவம் ஊற்றினார். அதில் சத்து பேருக்குத்தான் இருந்தது.

“ஐயோ மேடம், செத்துப்போயிடும்!”

“கொஞ்சம் சாகும்.”

“அந்தப் பொண்ணோட செல்லு மேடம் இது!”

“அதனாலதான் சார் பண்றேன். சத்து குறைஞ்சாத்தான் பெருகுறதை நிறுத்திட்டுத் தசையாகும். தட்டைத் தொடாதீங்க.”

மனுஷன் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கை தானாக ஊட்டப் பாட்டிலுக்குப் போகும். சீ என்று இழுத்துக்கொள்வார். ஒருநாள் மூடியைத் திறந்தே விட்டார். அப்புறம் இறுக்கி மூடிவிட்டு, வெளியே போய் டீ குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சில செல்கள் செத்து மிதந்தன. மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி, வரிசை கட்டி, நீளநீளமான இழைகளாகியிருந்தன. அதில் ஒன்று துடித்தது.

“துடிக்குது மேடம்! துடிக்குது!”

அவர் போட்ட கத்தலில் பக்கத்து அறை ஆட்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

ஊசி போட்டாயிற்று. ஆறவும் விட்டாயிற்று. இனி நிற்க வைக்கலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். கதிரேசன் அவரை அடித்துத் துரத்தாத குறைதான். வீரலட்சுமியின் காலுக்கு அடியில் இரண்டு தலையணை. பாத்ரூமுக்குப் போகவும் சக்கர நாற்காலி.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டரய்யா, இந்தக் காலு என்னுதா, ஒங்களுதா?”

“அவசரப்படாதம்மா.”

“இப்படியே படுக்கப் போட்டா நல்ல காலும் சூம்பிப்போகும். விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நான் நிக்கணும்யா.” கோபத்தில் ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

அன்றைக்கு மெஹருன்னிசா வார்டுக்கு வந்திருந்தார். கதிரேசன் அவரைக் கதவோரம் கூட்டிப்போனார்.

“புதுத் தசை மேடம். பச்சைப்புள்ள மாதிரி. பாரம் பட்டுக் கிழிஞ்சிட்டா? எனக்குப் பயமா இருக்கு. நீங்களே சொல்லுங்க, எப்போ நிக்க விடலாம்?”

“பிசியோ என்ன சொன்னார்?”

“இன்னைக்கே விடலாம்னு சொல்றார்.”

“அவ?”

“அவ நேத்தே நிக்கணும்னு நிக்கிறா.”

மெஹருன்னிசா கட்டிலைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

“சார், அன்னைக்கு நான் அந்தத் தட்டுல சாப்பாட்டைக் குறைச்சேனே. அப்போ பயந்தது யாரு? செல்லா, நீங்களா?”

கதிரேசன் மெல்ல உள்ளே திரும்பினார். கட்டிலுக்குப் போய் ஒரு தலையணையை உருவினார். கொஞ்சம் நின்று, மற்றதையும் உருவினார்.