வாங்கும் முன் பால் காய்ச்சிய வெண்காடர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எதிரி நாடு என்று எதுவும் இல்லை. அவருடைய மதியத் தூக்கத்துக்குத்தான் ஓர் எதிரி உண்டு. அரண்மனை வாசலில் தொங்கிய முறையீட்டு மணி!

விருந்துண்டு கண் சொருகும் நேரமாகப் பார்த்து 'டாண்' என்று அடிப்பார்கள். அடிப்பவர்கள் எல்லாரும் புதிதாக வீடு வாங்கியவர்கள்.

"கிணறு உண்டு என்றார்கள், பிரபு. பள்ளம் மட்டும்தான் இருக்கிறது."

"காற்று கொட்டும் என்றார்கள். கூரைதான் கொட்டுகிறது."

ஒருநாள் ராஜா தலையணையும் கையுமாகச் சபைக்கே வந்துவிட்டார்.

"வீடு வாங்குவோரின் மனக்குறை தீர ஆளுக்கொரு தொழில் சொல்லுங்கள். நல்லதாக இருந்தால் அரசாங்கமே நடத்தும்."

பொருளமைச்சர் முதலில் எழுந்தார். "பொறுமைப் பயிற்சிச் சாலை திறக்கலாம், பிரபு. கட்டணம் வாங்கிக்கொண்டு பொறுமை கற்பிப்போம்."

"பொறுமை வராவிட்டால்?"

"மறுபடியும் கட்டணம்."

சபை கைதட்டியது. அடுத்து ஆஸ்தானப் புலவர். "விற்கிற வீட்டுக்கெல்லாம் பாட்டு எழுதித் தருகிறேன். ஒழுகும் கூரையை அருவி என்று பாடிவிட்டால் குறையே தெரியாது."

அதற்கும் கைதட்டல். கடைசியில் எழுந்தார் மனையமைச்சர் தாண்டவராயர். தலைநகரின் பாதி வீடுகளை விற்று முடித்தவர். மீதிப் பாதியை விற்பதற்காகவே மந்திரியாக இருப்பவர்.

"தொழில் எதற்கு, அரசே? ஓர் ஆணை போதும். வீடு வாங்கிய பிறகு எவன் குறை சொல்கிறானோ, அவனுக்கு வீடும் கிடையாது, இந்த ஊரும் கிடையாது. மணி தானாக ஓய்ந்துவிடும்."

நோயாளியின் வாயைக் கட்டினால் நோய் தீர்ந்தது! ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அங்கேயே ஆணை பிறந்தது.

மூலையில் யாரோ இருமினார்கள். விகடகவி வெண்காடர். அவருடைய பேச்சுக்கு ராஜா சிரிப்பார், தாண்டவராயரின் பேச்சுக்குக் கொட்டாவி விடுவார். அந்த எரிச்சல் தாண்டவராயருக்கு நெடுநாளாக உண்டு. இன்று கணக்குத் தீர்க்க நேரம் வந்துவிட்டது.

"பாவம், வெண்காடரை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். தெற்கு வீதியில் அடியேன் வாங்கிப்போட்ட வீடு ஒன்று இருக்கிறது. அவருடைய சேமிப்புக்குச் சரியாக வரும். புதிய ஆணைப்படி வீடு வாங்கி மகிழும் முதல் பாக்கியம் அவருக்கே கிடைக்கட்டும்!"

"நல்ல யோசனை. வாங்கிவிடும், வெண்காடரே" என்றார் ராஜா.

வெண்காடருக்கு அந்த வீட்டைத் தெரியும். அந்த வீட்டில் எந்தக் குடித்தனமும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை என்று கேள்வி. வாங்கினால் ஆயுள் முழுக்கச் சேர்த்தது போகும். வாங்கிவிட்டு வாயைத் திறந்தால் ஊரே போகும். மறுத்தால் ராஜ நிந்தனை. மூன்று பக்கமும் சுவர். அதுவும் ஓதமேறிய சுவர்!

"உத்தரவு, பிரபு. ஒரே ஒரு சந்தேகம். குறை சொல்லக்கூடாது என்பது வாங்கிய பிறகுதானே?"

"ஆமாம்."

"வாங்குவதற்கு முன்?"

"முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்" என்று ராஜா தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"பணம் கொடுக்க வெள்ளிக்கிழமை உகந்த நாள். ஆனால் பால் காய்ச்சப் புதன்கிழமைதான் முகூர்த்தம். அமைச்சர் சாவியைத் தந்தால் முதலில் பால் காய்ச்சிவிடுகிறேன். மகாராஜாவும் எழுந்தருள வேண்டும்."

பால் காய்ச்சியவன் பின்வாங்க முடியாது என்று கணக்குப் போட்ட தாண்டவராயர், சாவியை அங்கேயே எடுத்து நீட்டினார்.

வீட்டில் மனைவி அபிராமவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்காத வீட்ல யாராவது பால் காய்ச்சுவாங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உன் சொந்தத்துல ஒருத்தர் விடாம கூப்பிடு."

"காந்திமதி அத்தையையுமா? எங்க அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சுல அது பேசின பேச்சுக்கு அண்ணி மூணு நாள் சாப்பிடல."

"அத்தைதான் முக்கியம்."

அபிராமவல்லி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்துவிட்டு அழைக்கக் கிளம்பினாள்.

புதன்கிழமை. ராஜா வந்தார். தாண்டவராயர் பின்னாலேயே வந்தார். பால் பொங்கியது. சொந்தமும் பொங்கியது.

காந்திமதி அத்தை வண்டியைவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்தாள். "ஏண்டி அபிராமி, தெரு மேல இருக்கு, வாசல் கீழ இருக்கு. மழை பெஞ்சா தண்ணி நேரா உன் அடுப்புக்குத்தான வரும்?"

சகலை தூணைத் தட்டிப் பார்த்தார். "சகலை, இதைச் சுண்ணாம்புதான் தாங்கிட்டு நிக்குது. உள்ள பூரா கரையான்."

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி" என்று தொடங்கினாள் சம்பந்தியம்மாள். தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பது? "அடுப்புப் புகை முழுக்கப் படுக்கிற அறைக்கே போகுது. கிணத்துல வாளிய விட்டேன், மண்ணு வருது."

தாண்டவராயர் இடையில் புகுந்தார். "விருந்தாளிகள் கொஞ்சம் மங்களகரமாகப் பேசலாமே" என்றார்.

"உள்ளதைத்தானய்யா சொல்றோம்" என்றாள் அத்தை.

ராஜாவின் இலையில் பாயசம் விழுந்தது. அடுத்த கணம் அதற்குள் மேலேயிருந்து கையகலக் காரை விழுந்தது. தொபுக்! ராஜ மீசையெல்லாம் பாயசம்.

"நான் அப்பவே சொன்னேனே தம்பி, அந்தப் பக்கம் உக்காராதீங்கன்னு" என்றாள் அத்தை, அவர் யாரென்று தெரியாமலே.

ராஜா துள்ளி எழுந்தார். "எந்த மடையன் இந்த வீட்டை வாங்குவான்?"

"வெள்ளிக்கிழமை அடியேன்தான், பிரபு. தங்கள் உத்தரவு."

ராஜா மீசையைத் துடைத்தபடி தாண்டவராயரைத் திரும்பிப் பார்த்தார்.

"அரசே, அன்று சபையில் என்னிடம் யாரும் தொழில் கேட்கவில்லை" என்றார் வெண்காடர். "இதுதான் அது. நாம் பணத்தைக் கொட்டி வீட்டை வாங்கிவிட்டு, பால் காய்ச்சி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, அதன் பிறகு அவர்கள் வாயால் எல்லாக் குறையையும் தெரிந்துகொள்கிறோம். அதே விருந்தைப் பணம் கொடுக்கும் முன் வைத்துவிட்டால் போதும். சொந்தம் இல்லாதவர்களுக்கு என் மனைவியின் சொந்தத்தை அனுப்பிவைக்கிறேன். கூலி ஒரு வேளைச் சாப்பாடு. சாப்பாட்டையும் குறை சொல்வார்கள். அது இலவசம்."

ராஜா சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் காரை உதிர்ந்தது.

"வெண்காடர் இதை வாங்க வேண்டியதில்லை. தாண்டவராயரே, இன்றுமுதல் நீரே இங்கு குடியிரும்."

"பிரபு! இது ஒழுகும்! தூணெல்லாம் கரையான்..."

"இதை விலை கொடுத்து வாங்கியவர் நீர்தானே? வாங்கிய பிறகு குறை சொல்கிறவனுக்கு என்ன தண்டனை? ஆணை உம்முடையது அல்லவா?"

தாண்டவராயர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "அருமையான வீடு, பிரபு. நல்ல வெளிச்சம்."

"வெண்காடரே, ஆற்றங்கரை மாளிகை உமக்குப் பரிசு. என்றைக்குக் குடிபோகிறீர்?"

வெண்காடர் அத்தையைப் பார்த்தார். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்:

"ஆத்தங்கரையா? கொசு பிடுங்குமே."

"கொசுவலையும் சேர்த்துக் கொடுங்கள்!" என்று ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் அத்தை வண்டியில் ஏறி, ஆற்றங்கரைக்கு ஓட்டச் சொல்லிவிட்டாள்.