பல்லக்குக்குள் இருந்த பாரம்

முன்னொரு காலத்தில், மன்னருக்குப் பொழுது போகாவிட்டால் குடிகளுக்கு வயிற்றைக் கலக்கும் நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு மன்னர் கீர்த்திவாகுவுக்கு ஒருநாள் வானத்தின் எடை தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேலை அரசவைக் கணியர் வெண்காடர் தலையில் விழுந்தது. விண்மீன்களின் ஓட்டத்தைக் கணிப்பதில் அவர் புலி. அரண்மனைச் சூது மட்டும், பாவம், அவருக்குக் கணிக்க வராது.

மூன்று ஆண்டுகள் வானத்தைப் பார்த்துவிட்டு, சபையில் எழுந்து சொன்னார்:

"மன்னர் பெருமானே, விண்மீன் கூட்டத்தின் ஓரத்து மீன்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றன. கயிற்றில் கட்டிச் சுழற்றும் செம்பு, பிடி தளர்ந்தால் பறந்துவிடும். இவை பறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருள் இவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. என் வாய்பாட்டின்படி, தெரிவதைப்போல் ஐந்து மடங்கு, தெரியாத பொருள் அங்கே இருக்க வேண்டும்."

சபை திகைத்துப்போனது. கணியருக்கு மன்னர் தம் அருகில் ஆசனம் தந்த நாள்முதல் வயிறெரிந்துகொண்டிருந்த அமைச்சர் கோளரிநாதர் எழுந்தார்.

"அது என்ன பொருள், கணியரே?"

"தெரியாது, அமைச்சரே."

"நிறமாவது?"

"தெரியாது."

"இவருடைய வாய்பாடு தப்பு, மன்னா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் இல்லாத பூசணிக்காயை அல்லவா பரிமாறுகிறார்!"

சபையே சிரித்தது. மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கணியரே, மூன்று நாளில் அதில் ஒரு பிடி கொண்டுவந்து காட்டும். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துவேன். இன்றுமுதல், கண்ணால் காணாததை இருக்கிறது என்பது இந்நாட்டில் குற்றம்!"

அமைச்சரே முன்னின்று முரசறையச் செய்தார். வெண்காடர் கணக்கு ஓலைகளை மறுபடி புரட்டினார். மூன்று ஆண்டு உழைப்புக்குக் கழுதைச் சவாரியா?

அன்று அவரைத் தேடி வந்தவன் அரசவை விகடன் மருதக்கூத்தன் ஒருவன்தான்.

"கணியரே, உம் வாய்பாடு தப்பாயிருக்க முடியுமா?"

"முடியும். நூறு முறை பார்த்தேன், தப்பு அகப்படவில்லை. அதற்காகத் தப்பே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?"

"இந்த நாட்டிலேயே தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் நீர்தான். யார் எப்படி மிரட்டினாலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்" என்று சொல்லிவிட்டுப் போனான் கூத்தன். கணியருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கணியரும் அமைச்சரும் சபைக்குப் போகும் நேரத்தில், ராஜவீதியில் மன்னரின் பல்லக்கு வந்தது. திரை எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பது மரபல்ல. திரையைக் கண்டதும் எல்லோரும் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அமைச்சர் முதல் ஆளாக விழுந்தார். கூத்தனோ நடுவீதியில் வழிமறித்து, கால்மேல் கால் போட்டு மல்லாந்து கிடந்தான்! கணியர் தலையில் அடித்துக்கொண்டார். இவனும் சேர்ந்து சாகப்போகிறானே!

"அடே, எழுந்திரு! மன்னர் வருகிறார்!" என்று கத்தினார் அமைச்சர்.

"எங்கே? என் கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லையே. நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்ப்பானேன்? தண்டு வில்லாய் வளைந்திருக்கிறது, பன்னிரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது! பாரமில்லாமலா?"

"ஆமாங்க சாமி, தோளு கழண்டுடும்போல இருக்குதுங்க" என்று முனகினார் பல்லக்குத் தூக்கும் கிழவர்.

"இதைத்தானே கணியரும் சொன்னார்! அவருக்குக் கழுதை, உங்களுக்கு மட்டும் பல்லக்கா?" என்றான் கூத்தன்.

அமைச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளைப்போல் நான் தெரியாது என்று உளறவில்லை. உள்ளே இருப்பவர் மன்னரேதான். என் தலைமேல் ஆணை!"

கூத்தன் திரும்பினான். "கணியரே, நீர் சொல்லும். உள்ளே இருப்பது என்ன?"

வீதி முழுவதும் கணியரையே பார்த்தது. மன்னர் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைக்கலாம். மறுத்தால் ராஜத்துரோகம்.

"பாரம் இருக்கிறது. இன்னதென்று எனக்குத் தெரியாது" என்றார்.

கூட்டம் ஐயோவென்று அலறியது. கூத்தன் எழுந்து போய், மரபையும் பாராமல் திரையைச் சரக்கென்று இழுத்தான்.

உள்ளே நாலு ஆட்டுக்கல்!

பல்லக்கைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் மெல்ல முண்டாசை அவிழ்த்தார். மன்னர்! அமைச்சர் விழுந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.

"ஒரு நாழிகை தூக்கி வந்தால் ஒரு பிடி காட்டுகிறேன் என்றான் இந்தப் போக்கிரி. உள்ளே என்ன என்று எனக்கும் சொல்லவில்லை" என்று மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணுக்குத் தெரியாதது தோளுக்கு நன்றாகத் தெரிந்தது! கணியரே, தண்டனையும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அமைச்சரே, ஆட்டுக்கல்லை மன்னர் என்று தலைமேல் ஆணையிட்டீரே?"

கணியர் பதறிப்போய் முன்னே வந்தார். "வேண்டாம், பெருமானே! வாய்பாடு தப்பு என்று அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். அந்தத் தலை இருந்தால்தானே தப்பைத் தேடும்?"

"அப்படியானால் தேடட்டும், உம் பக்கத்திலேயே உட்கார்ந்து" என்றார் மன்னர்.

சிரிப்பு அடங்காமலே மடியில் முடிந்து வைத்திருந்த முத்துமாலையை எடுத்துக் கூத்தனுக்குச் சூட்டப் போனார். வீங்கிய தோளால் கை பாதிக்குமேல் எழவில்லை. கூத்தன்தான் குனிந்து தலையை மாலைக்குள் நுழைத்துக்கொண்டான்.