கல்லுக்குத் தலை ஆடாது

அந்தக் காலத்தில், காட்டு உயிர்களெல்லாம் வாய் பேசி, சொந்தம் கொண்டாடி, விசேஷ வீட்டில் சண்டையும் போட்டுக்கொண்டு திரிந்த நாளில், ஓணான் குலத்துக்கு ஒரு பெருமை இருந்தது. அசையாமல் இருப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. மேலே ஒரு நிழல் விழுந்தால் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றுவிடும். எறும்பு கண்ணோரம் ஊர்ந்தாலும் இமைக்காது. ஓணான் குஞ்சுக்கு இரை பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே இதைத்தான் சொல்லித்தருவார்கள். பெற்றவள் "சரி, போதும்" என்று சொன்னால்தான் அசையலாம். அதுவரைக்கும் நீ கல்.

முப்பிடாதி என்று ஓர் ஓணான். அவளுக்கு ஒரே மகள், பெயர் சொர்ணம். குழி தோண்டி இட்ட முட்டைகளில் பாம்புக்கும் எறும்புக்கும் தப்பியது அந்த ஒன்றுதான். அதனால் முப்பிடாதி அந்தப் பாடத்தை மகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டியிருந்தாள். பனையோலை ஆடி அதன் நிழல் அசைந்தால்கூடச் சொர்ணம் உறைந்துபோவாள். "பிள்ளைய இப்படியா வளக்கது?" என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். முப்பிடாதி சட்டை செய்யவில்லை. ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவளின் பயம் ஊராருக்கு எங்கே தெரியப்போகிறது?

அப்படியிருக்கையில் முயல் வள்ளிமயிலின் தங்கை வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் ஊர். வள்ளிமயில் முப்பிடாதியையும் சொர்ணத்தையும் கூட்டிக்கொண்டாள். ஆமை கருத்தபாண்டி முந்தின நாளே நடக்கத் தொடங்கி, சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கௌதாரி அனஞ்சியை யாரும் அழைக்கவில்லை. விசேஷம் என்று கேள்விப்பட்டால் அவர் வந்துவிடுவார்.

போய்ச் சேர்ந்தால், அங்கே காதுகுத்து நடக்கவில்லை. தாய்மாமன் இரண்டு பேர். பிள்ளையை யார் மடியில் உட்காரவைப்பது என்று தகராறு. மூத்தவன் மடிதான் முறை என்றது ஒரு கூட்டம். இளையவன்தான் சீர் கொண்டுவந்திருக்கிறான் என்றது இன்னொரு கூட்டம். பேச்சு தடித்து, பந்திப் பாய் பறந்து, கடைசியில் பிள்ளையின் தகப்பன், "என் பிள்ளைக்குக் காதே குத்தல, எல்லாரும் போங்க" என்று கதவைச் சாத்திவிட்டான்.

கட்டுச்சோறும் கையுமாக இவர்கள் நால்வரும் தெருவில் நின்றார்கள், சொர்ணத்தையும் சேர்த்தால் ஐவர். முயலிடம் அறுகம்புல் கட்டு, ஆமையிடம் நாகதாளிப் பழம், முப்பிடாதியிடம் மகளுக்கென்று பொரித்த ஈசல். அனஞ்சியிடம் எதுவும் இல்லை. ஆனால் யோசனை சொன்னது அவர்தான்.

"பொறப்பட்டதுதான் பொறப்பட்டோம், வெறுங்கையோட வீட்டுக்குப் போறதா? பக்கத்துலதான் பாறைக்காடு. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு சாயல்ல நிக்கும். ஒலகத்துல அந்த மாதிரி எங்கயும் கிடையாது. வாங்க, பாத்துட்டுப் போவோம். எனக்கு அந்த எடம் தலைகீழா அத்துபடி."

உண்மையில் அனஞ்சி ஒரே ஒரு தடவை, அதுவும் வழி தவறித்தான் அங்கே போயிருந்தார். அதை எந்தக் கௌதாரி வெளியே சொல்லும்?

முப்பிடாதிக்கு மனசே இல்லை. "மைனி, தெரியாத எடம். பிள்ளையோட எப்படி?" என்றாள்.

"ஏ பிள்ள, நாங்கல்லாம் இல்லையா? சும்மா வா" என்றாள் வள்ளிமயில். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, முப்பிடாதியும் பின்னால் நடந்தாள்.

பாறைக்காட்டைப் பார்த்ததும் முப்பிடாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் இல்லை, புதர் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாறை மேல் பாறை. சின்னக் கல்லின் தலையில் பெரிய கல் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓட்டை விழுந்த கல், சாய்ந்து விழப்போவதுபோல் நின்றும் விழாத கல். எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

"அந்தா பாத்தியளா, யானை படுத்திருக்கு" என்றார் அனஞ்சி.

"யானையா? எனக்கு உரல் மாதிரில்லா தெரியுது" என்றாள் வள்ளிமயில்.

கருத்தபாண்டி கழுத்தை நீட்டி நெடுநேரம் பார்த்தார். "எங்க அம்மை மாதிரி இருக்கு" என்றார். அடுத்த பாறையையும் அப்படித்தான் சொன்னார். உருண்டையாக எதைப் பார்த்தாலும் அவருக்கு அம்மைதான்.

முப்பிடாதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்தும் பார்த்தாள். அவளுக்குக் கல் கல்லாகத்தான் தெரிந்தது. தனக்குத்தான் புத்தி மட்டமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. "ஆமா அண்ணாச்சி, யானைதான். உரலுந்தான்" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

உச்சி வெயிலில் ஒரு நெட்டைப் பாறையின் நிழலில் சோற்றை அவிழ்த்தார்கள். வள்ளிமயில் ஒரு கல்லில் வசதியாகச் சாய்ந்து, "எவ்வளவு குளுமையா இருக்கு" என்றாள். "எந்திரி மகளே, அது நான்" என்றது கல். அது கருத்தபாண்டி. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு பாறைகளில் மோதித் திரும்பிவந்தது. நாலா பக்கமும் யார் யாரோ சிரித்தார்கள்.

சொர்ணம் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். "மாமா, யாரு சிரிக்கது?"

அனஞ்சிக்கும் அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அளக்கத் தொடங்கினார்.

"அதுவா தாயி? இந்தக் கல்லுகதான். இதுகளும் ஒரு காலத்துல ஒன்ன மாதிரி என்ன மாதிரி சுத்திப்பாக்க வந்ததுகதான். இதுக நமக்கு வேண்டியவங்க கொரல்லயே கூப்பிடும். வேண்டியவங்க சாயல்லயே நிக்கும். ஏமாந்து ஏன்னு கேட்டோம், பக்கத்துல போனோம், அம்புட்டுத்தான். நாமளும் கல்லு."

"பிள்ளைய ஏன் பயமுறுத்துதிய?" என்று முப்பிடாதி முணுமுணுத்தாள். சொல்லிவிட்டு அவளும் பாறைகளை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. பெரியவர்கள் கண் அயர்ந்த வேளையில், ஈசல் தின்ற தெம்பில் சொர்ணம் ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு பாறை பாறையாகத் தாவிப்போனாள். முப்பிடாதி கண்விழித்து "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட வாயெடுத்தபோது, வெயிலுக்குக் குறுக்கே ஒரு நிழல் ஓடியது.

வல்லூறு!

வள்ளிமயில் பாறையடிப் பொந்துக்குள் பாய்ந்தாள். அனஞ்சி அவள் வாலுக்குப் பின்னால் தலையை நுழைத்தார். கருத்தபாண்டி ஓட்டுக்குள் போனார். முப்பிடாதி நின்ற இடத்திலேயே கல்லானாள். நிழல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலகிப்போனது. வல்லூறு தூரத்துப் பாறை ஒன்றின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

முப்பிடாதி பாறையின் மறுபக்கம் ஓடினாள். மகளைக் காணோம். அந்தப் பக்கம் நூறு பாறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓணான் குஞ்சு போலவே சின்னச் சின்னத் துருத்தல்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சொர்ணத்தின் நிறமும் அதுதான்.

"சரி, போதும்! சொர்ணம், போதும்மா!"

"போதும்மா... தும்மா..." என்றன நூறு பாறைகளும், அவள் குரலிலேயே. வலப்பக்கம் ஒரு முப்பிடாதி கூப்பிட்டாள், இடப்பக்கம் இன்னொருத்தி கூப்பிட்டாள். எதுவும் அசையவில்லை.

வள்ளிமயிலும் வெளியே வந்து, "சொர்ணம்!" என்று கத்தினாள். கத்திய சத்தம் பின்னாலிருந்து கேட்கவும், "யாரு, யாரு கூப்பிடுதா?" என்று சுற்றிச்சுற்றி ஓடினாள். அனஞ்சியின் குரல் அவரையே கூப்பிட்டது. தான் அளந்தது மெய்தானோ என்று அவருக்கே குழம்பிவிட்டது. "நான் ஏன்னு கேக்க மாட்டேன், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு புலம்பினார்.

முப்பிடாதி ஒரு துருத்தலைத் தொட்டாள். சுட்டது, வெறும் கல். இன்னொன்றைத் தொட்டாள், அதுவும் கல். மூன்றாவதைத் தொடாமலே, "என் கண்ணு, நீதானே?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்பதே மறந்துபோயிற்று. எல்லாக் கல்லும் சொர்ணமாகத் தெரிந்தது. காலையில் ஒரு சாயலும் தெரியாத கண்ணுக்கு இப்போது மகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"மைனி, வல்லூறு போகல. அங்கனதான் உக்காந்திருக்கு. வா, உள்ள வந்துரு" என்று வள்ளிமயில் திரும்பவும் பொந்துக்குள் ஓடி, அங்கிருந்தே கெஞ்சினாள். "பிள்ள ஓடிப்போயிருக்கும்."

"எம்மவ ஓட மாட்டா மைனி" என்றாள் முப்பிடாதி. "நான் அப்படி வளக்கல."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை இங்கேதான், வெட்டவெளியில், ஏதோ ஒரு பாறை மேல் இருக்கிறாள். தாய் கூப்பிடுவது காதில் விழத்தான் செய்கிறது. தாயைக் கண்ணால் பார்க்கக்கூடச் செய்கிறாள். ஆனால் கூப்பிடுவது கல், நிற்பதும் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நிழல் விழுந்தால் அசையாதே என்றது நான். கூப்பிட்டால் கேட்காதே, சாயலைக் கண்டு கிட்டப் போகாதே என்றார் அனஞ்சி. இரண்டு பேர் பேச்சையும் கேட்டு நடக்கிற நல்ல பிள்ளை. வல்லூறுக்குப் பொறுமை அதிகம். வெயில் சாய்வதற்குள் அது மறுபடியும் தேடி வரும்.

முப்பிடாதி பொந்துக்கு மேலிருந்த நெட்டைப் பாறையில் ஏறினாள். உச்சியில் போய் நின்றாள். நாலா பக்கமும் பாறை. கூப்பிட்டுப் பயனில்லை, கல்லும் கூப்பிடும். நின்று பயனில்லை, கல்லும் நிற்கும். கல் செய்யாதது ஒன்றைச் செய்ய வேண்டும்.

அவள் தலையை மேலே தூக்கினாள். கழுத்து மறுத்தது. பிறந்ததிலிருந்து அடக்கிப் பழகிய கழுத்து அது, அதுவும் வல்லூறின் கண்ணுக்கு நேரே. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கீழே இறக்கினாள். மறுபடி மேலே, மறுபடி கீழே.

"என்ன செய்யுதா இவ? பைத்தியம் பிடிச்சிட்டா?" என்றார் அனஞ்சி.

எந்தப் பாறையும் அசையவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பையே தூக்கித் தூக்கி ஆட்டினாள். ஆட்டிவிட்டு ஒரு கணம் நின்று பார்த்தாள். திரும்ப ஆட்டினாள்.

அப்போது, அவள் ஏற்கெனவே இரண்டு தடவை கடந்துபோன ஒரு தட்டைப் பாறையின் விளிம்பில் ஒரு சின்னத் துருத்தல் மேலே எழும்பியது, கீழே இறங்கியது. சந்தேகத்தோடு இன்னொரு தடவை எழும்பியது.

ஐயோ, முப்பிடாதிக்கு வந்த சந்தோஷத்தை எந்த வாயால் சொல்ல? அவள் வேகமாக ஆட்டினாள். துருத்தலுக்குக் கால் முளைத்தது, வால் முளைத்தது. அது சொர்ணமாகி, பாறையை விட்டு இறங்கி ஓடிவந்தது.

பாதி வழியில் நிழல் விழுந்தது.

சொர்ணம் பழக்கத்தில் நின்றுவிட்டாள், வெட்டவெளியில், ஒரு காலைத் தூக்கியபடி. முப்பிடாதியின் உடம்பும் கல்லாகத்தான் பார்த்தது. இப்போது நானும் நின்றுவிட்டால் இவள் மறுபடியும் என்னைக் கல் என்று எண்ணிவிடுவாள் என்று நினைத்தாள். அவள் நிற்கவில்லை. நிழல் தன் முதுகின் மேல் வளர்வது தெரிந்தும் தலையை ஆட்டினாள், இன்னும் உயரமாக, இன்னும் வேகமாக. மகள் அதைப் பார்த்தாள். தூக்கிய காலை முன்னால் வைத்தாள். ஓடினாள்.

வல்லூறுக்கு இரண்டு தெரிந்தன. கீழே ஓடுகிற சின்னது, உச்சியில் ஆடுகிற பெரியது. அது பெரியதைப் பார்த்தது.

பொந்து வாசலுக்கு வந்த சொர்ணத்தை வள்ளிமயில் காலால் அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மேலே ஒரு சிறகடிப்புக் கேட்டது. அதையும் பாறைகள் நூறு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு ஓய்ந்தன.

வெயில் தாழ்ந்த பிறகு வெளியே வந்தார்கள். நெட்டைப் பாறையின் உச்சி வெறுமையாக இருந்தது. அனஞ்சி அழுதார். "நான் சும்மா சொன்னேன் தாயி. கல்லாகுறதெல்லாம் பொய். ஒங்க அம்மைதான் கூப்பிட்டா" என்றார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் சொர்ணம். "கல்லுக்குத் தலை ஆடாதுல்லா."

வீட்டுக்குப் போவோம் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அம்மா எங்கே போனாள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. விறுவிறுவென்று அந்தப் பாறையில் ஏறினாள். அம்மா நின்ற இடத்தில் நின்று, முன்னங்கால்களை ஊன்றி, தலையை மேலும் கீழும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு ஒரு கணம் நின்று, சுற்றியிருந்த பாறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கருத்தபாண்டி மட்டும் கீழே அவளுக்காகக் காத்திருந்தார்.

அன்றிலிருந்துதான் ஓணான் ஒரு கல்லைக் கண்டால் போதும், ஏறி நின்று தலையை ஆட்டுகிறது. எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறது பார் என்று நாம் கேலி பேசுகிறோம். அது நம்மைக் கண்டுகொள்வதில்லை. ஆட்டிவிட்டு ஒரு கணம் நின்று, பதிலுக்கு எந்தக் கல் தலையாட்டுகிறது என்று இன்றைக்கும் பார்க்கிறது.