தாலாட்டின் மீதி

"இதுவும் அவ குரல் இல்லைங்க மேடம்."

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த வால்வைத் தில்லைநாயகம் மேஜை மேல் வைத்தார். ஏற்காட்டுக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது.

ஜெசிந்தா சாலிடர் வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இது எந்த ஊரு?"

"ஹாலந்துங்க. ரொம்பப் பழசு."

"போன தடவை?"

"ரஷ்யா. அதுல குரல் தடிச்சுப்போச்சு, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி. இதுல இனிப்பு ஜாஸ்தி. அவ இவ்வளவு இனிப்பாப் பாடமாட்டாளுங்க."

ஜெசிந்தா ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் கட்டுகிறவள். வால்வு ஆம்ப் மட்டும்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையேறி வருகிற தலை நரைத்த ஆட்கள் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால்.

வால்வு என்றால் பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் அதே பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகக் குடும்பத்தை மறந்தவர்கள் உண்டு.

தில்லைநாயகத்துக்குச் சேலத்தில் கொலுசுப் பட்டறை. வெள்ளி எல்லாம் வால்வாகி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் மகளே கேலி செய்வாள்.

இப்போது அவள் கேலி செய்வதில்லை.

அவர் மனைவி அம்சவேணிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அவளை மைக் முன்னால் உட்கார வைத்து ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னார். மகளைத் தூங்க வைக்க அவள் பாடிய தாலாட்டு. பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"இருக்கறதே அது ஒண்ணுதான் மேடம். அதாச்சும் அவ குரலாக் கேக்க வேண்டாமா?"

அவர் முதன்முதலில் வந்தபோதே ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். "வால்வு குரலைக் குடுக்காது சார்." அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கே அந்த ரஷ்ய வால்வைக் கேட்டு வாங்கிப் போனவர் அவர்.

ஜெசிந்தா சாலிடர் ராடைத் தாங்கியில் வைத்தாள்.

"வீட்டுல எப்படிக் கேப்பீங்க? இங்க கேட்டுக் காட்டுங்க."

மேஜை மேல் ஒரு ஆம்ப் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார். வால்வு ஆறும் வரை காத்திருந்தார். கைக்குட்டையால் பிடித்து, ஆட்டாமல் நேராக உருவினார். தன்னுடையதன் அடிக்கம்பிகளைத் துளை பார்த்துச் செருகினார். ஆம்ப்பைப் போட்டு, கண்ணாடிக்குள் ஆரஞ்சு ஏறும் வரை மறுபடி காத்திருந்தார். குறை சொல்ல முடியாத வேலை.

பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தன் பிளேயரின் பட்டனை அழுத்தினார்.

கொஞ்ச நேரம்தான். சட்டென்று நிறுத்தினார்.

முதலிலிருந்து வைத்தார். மறுபடி நிறுத்தினார்.

"ஏன் நிறுத்தறீங்க?"

"அந்தக் 'கண்ணே'ங்கிற இடம் வருதுங்க. அங்கதான் குரல் ஏறும். வால்வோட குணம் அங்கதான் தெரியும். அதுக்கு மேல கேட்டா, பழைய வால்வுல கேட்டது காதை விட்டுப் போயிடுது. அப்புறம் எதோட எதை ஒப்பிடறது?"

"ம்."

"எல்லாரும் அப்படித்தாங்க கேப்பாங்க."

"தெரியும் சார். நானும்தான்."

ஜெசிந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே மரத்தடி பெஞ்சில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"அம்மா உள்ள வரமாட்டாங்களா?"

"வரமாட்டா."

"இதை அவங்களுக்குப் போட்டுக் காட்டினீங்களா?"

"குடுத்தேங்க. ஹெட்ஃபோனைக் கையால தள்ளிட்டா. கோவமெல்லாம் இல்லை, சும்மாத் தள்ளிட்டா. சொந்தக் குரலைக் கேட்டா மனசு கஷ்டப்படும்னு நானும் விட்டுட்டேன்."

"பாட்டு எப்படி முடியும்?"

"என்னங்க?"

"அந்தத் தாலாட்டு. கடைசி அடி என்ன?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். பிறகு பிளேயரைப் பார்த்தார், அது எடுத்துக் கொடுக்கும் என்பது போல.

"தாலாட்டுதானுங்களே. குழந்தை தூங்கினா முடிஞ்சுடும்."

ஜெசிந்தா எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கையில் கிடைத்த ஒரு வால்வை எடுத்தாள். கண்ணாடி மேல் இருந்த எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

"இது எந்த ஊருங்க?"

"தெரியாது. கட்டின ஆம்ப் வேலை செய்யுதான்னு பாக்க வெச்சிருக்கேன்."

"இரையுமேங்க இது!"

"நல்லா இரையும்."

ஹாலந்து வால்வு ஆறியதும் உருவி அவர் கையில் கொடுத்தாள். இரைகிறதைச் செருகினாள். அது சூடேறட்டும் என்று விட்டாள்.

பிளேயரை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தாள்.

"கையைக் கட்டுங்க சார்."

"மேடம்?"

"பள்ளிக்கூடத்துல கட்டி உக்காருவீங்கல்ல, அந்த மாதிரி."

ஊரில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் போய் அம்மாவுக்கு டீ குடுக்கறேன். பாட்டு முடிஞ்சாலும் கையை அவுக்காதீங்க. பிளேயர் தானா நிக்கணும்."

பட்டனை அழுத்திவிட்டு ஜெசிந்தா சமையலறைப் பக்கம் போனாள்.

முதலில் இரைச்சல்தான் கேட்டது. சகிக்கவில்லை. இதைக் கேட்கவா இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. குரல் ஒல்லியாக இருந்தது, அடியில் கனமே இல்லை. அந்தக் 'கண்ணே' வந்தது. கட்டிய கை தானாகத் துடித்தது. பிளேயர் எட்டாத தூரத்தில் இருந்தது.

பாட்டு மேலே போனது.

அதற்கு மேல் அவருக்குத் தெரியாத இடம். அடுத்த அடியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓரிடத்தில் நிறுத்தி எச்சில் விழுங்கினாள். விழுங்க வலித்திருக்க வேண்டும். இன்னோர் அடியில் சொல் மறந்துபோய், மகள் பெயரைப் போட்டு நிரப்பிக்கொண்டு போனாள். தில்லைநாயகம் இரைச்சலைக் கவனிக்க மறந்துபோனார். இந்த வால்வு கனமா ஒல்லியா என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பாட்டு முடிந்தது.

மின்விசிறி சுற்றும் சத்தம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

அப்போது அவள் பேசினாள். பாட்டுக் குரல் இல்லை. காலையில் காபி வேண்டுமா என்று கேட்கிற வெறும் குரல்.

"ஏங்க, எப்படி இருந்துச்சு?"

மின்விசிறி சுற்றியது.

"நல்லா இருந்துச்சுங்களா?"

உடனே ஓர் ஆண் குரல் சீறியது. யார் இந்த ஆள், இவ்வளவு கடுகடுப்பாக என்றுதான் முதலில் தோன்றியது.

"உஷ்! பேசாத. இன்னும் ஓடுது."

பிளேயர் நின்றது.

அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் ரெக்கார்டரில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பாமலே, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினார். அப்புறம் மைக்கைக் கழற்றினார். வயரைச் சுற்றினார். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தக் 'கண்ணே' வரைக்கும் கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் தன்னிடம் என்ன பேசினாள் என்று யோசித்தார். ராத்திரி எதுவும் பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். பெயர் கேட்டதற்குக்கூட அவர்தான் சொன்னார். ஐயோ, அதையாவது அவளைச் சொல்ல விட்டிருக்கலாம்.

ஜெசிந்தா வாசல் பக்கமிருந்து உள்ளே வந்தாள். அவர் கையைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார் இருந்துச்சு, அந்த வால்வு?"

"வால்வா?" என்றார் தில்லைநாயகம்.

ஜெசிந்தா ஆம்ப்பை அணைத்தாள். அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

அவர் எழுந்து வெளியே போனார். பனி இறங்கியிருந்தது. அம்சவேணி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூடு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குரல் போன நாளிலிருந்து எதைக் கேட்பதானாலும் அவளுக்கு ஒரே சைகைதான். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவாள். என்ன? எங்கே? எதற்கு? எல்லாவற்றுக்கும் அதேதான். வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் அந்தக் கை ஒருமுறை திரும்பும்.

"அம்சா."

அவள் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு அம்சா." அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் கை திரும்பவில்லை.

டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவரைப் பார்த்தபடியே, ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.