கம்பெனி டூல்

வீட்டு வாசலிலேயே தன் காரைத் தானே பழுதுபார்க்கும் ஜெயக்கொடி, சக்கரத்து பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர் வேண்டுமென்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள்.

மேனேஜர் சம்பந்தம் எல்லார் முன்னாலும் எகிறினார். "அது கம்பெனி டூல். தெருவுல காரைப் பிரிச்சுப் போடுறவங்களுக்கெல்லாம் தரமாட்டோம். வண்டியை இங்க தள்ளிட்டு வா!"

ஜெயக்கொடி நகரவில்லை. "கண்ணுலயாவது காட்டுங்க, சார்."

"எடுத்துட்டு வாடா லூர்து, பார்த்துட்டுப் போகட்டும்!"

மெக்கானிக் லூர்து தலையைக் குனிந்தபடி கொண்டுவந்தான். பழைய ஜாக்கியை அறுத்துச் செய்த புல்லர். அதன்மேல் 'ஜெயக்கொடி' என்று வெல்டிங்கில் எழுதியிருந்தது.

"நம்மளது உடைஞ்சு ஆறு மாசமாச்சு சார். இது இந்த அக்காகிட்ட இரவல் வாங்கினது."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டவள், பேரிங் மாற்றுவதற்காகச் சக்கரம் கழற்றி லிஃப்டில் நிறுத்தியிருந்த வண்டியைக் காட்டினாள்.

"அதை எங்க வீட்டு வாசலுக்குத் தள்ளிட்டு வாங்க, சார்!"